குளோரிந்தா அம்மாளின் விண்ணப்பம் உங்களிடம் வந்திருந்தால்

எங்கள் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின்) சபை ஊழியர் தேர்வுக் குழுவில் இருக்கும் ஐயாமாருக்கும், அந்தக் குழுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம்.

நான் 32 வருடம் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் கீழ் வரும் ஆலயங்களின், கமிட்டியில் இரண்டு தவணை செயலராகவும் இருந்திருக்கிறேன். திருமண்டலத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், மடலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் 'எந்த அணிக்காரர் எழுதினது' என்றுதான் கேட்பீர்கள். போன திருமண்டலத் தேர்தலில் இரண்டு அணிக்காரர்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான் என் அரசியல்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் எங்கள் சேகரத்தின் கிளைச்சபை ஒன்றுக்கு ஊழியர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். 22 குடும்பம் உள்ள சிறிய சபை. இரண்டு வருடமாக அங்கே ஊழியர் கிடையாது. எங்கள் ஐயரவர்களுக்கு, அதாவது குருவானவருக்கு, ஏழு ஆலயம். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு வந்துபோகவே அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஆகவே அந்த ஊர்ப் பெண் ஒருவரையே சிபாரிசு செய்து, கமிட்டியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். நீங்களும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டீர்கள். அப்புறம் இரண்டு வரியில் பதில் வந்தது: விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை. கூடவே நான் வைத்திருந்த இணைப்புத் தாள்களும் திரும்பி வந்தன. நான் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது. மடிப்பும் நான் மடித்த மடிப்புதான்.

பிரித்துப் பார்க்காத அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

அவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். வகுப்பில் 'ஏ பிள்ளை' என்று கூப்பிட்டவன்தான் நான். இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. இப்போது வயது 44. பீடி சுற்றுகிறார். திண்ணையில் உட்கார்ந்து மடியில் சுளகை வைத்திருப்பார். நனைத்து வெட்டிய இலை ஒரு பக்கம், தூள் நடுவில், நூல் ஓரத்தில். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது கண் நம்மைத்தான் பார்க்கும். விரல்கள் பாட்டுக்கு இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் சுற்றினால்தான் அன்றைக்கு அடுப்பு. பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நாலரை மணி பஸ்ஸில் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவார்.

11 வருடமாகப் போகிறார். முதலில் அவருடைய அம்மா அங்கே பெண்கள் வார்டில் மூன்று வாரம் கிடந்தார். அடுத்த படுக்கையில் ஒரு கிழவி, பார்க்க ஆள் இல்லை. அம்மாவுக்குக் கொண்டுபோன கஞ்சியில் அந்தக் கிழவிக்கும் ஊற்றியிருக்கிறார். அம்மா இறந்து, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், கிழவிக்கு இன்றைக்கு யார் கஞ்சி கொடுப்பார்கள் என்று யோசனை வந்ததாம். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அழைப்பு என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அவர் அழைப்பு இதுதான். தரிசனம் கிடையாது, சொப்பனம் கிடையாது.

ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுவார். சொல்லாவிட்டால் கஞ்சியோடு சரி. படுத்திருப்பவர் அம்மன் கோயில் பூசாரி வீட்டு ஆச்சியாக இருந்தாலும் அதே வாளி, அதே கஞ்சி. வார்டில் மொத்தம் மூன்று தம்ளர்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒருவர் குடித்து முடித்தால்தான் கழுவி அடுத்தவருக்கு ஊற்ற முடியும். அதனால் இரண்டு மணி நேரம் ஆகிறது.

இணைப்பில் நான் வைத்தது அவருடைய நோட்டின் இரண்டு பக்க நகல். பீடிக்கணக்கு எழுதிய பழைய நோட்டு. முன்பக்கம் எத்தனை கட்டு, எவ்வளவு கழிவு என்று கடைக் கணக்கு. பின்பக்கத்தைத் திருப்பினால் வேறு கணக்கு. 'படுக்கை 7, ஆச்சி, மகன் திருப்பூரில், போன் போட வேண்டும்.' 'படுக்கை 12, சர்க்கரைப் புண், வாடை என்று பக்கத்துப் படுக்கையில் சண்டை, ஜன்னல் ஓரம் மாற்ற நர்ஸம்மாவிடம் கேட்க.' 'படுக்கை 3, காலியாகிவிட்டது. வீட்டாருக்குத் தெரியுமா?' எழுத்துப் பிழை உண்டு. வாத்தியார் என்ற முறையில் அதற்கு நானும் பொறுப்பு.

இதுபோக, அந்தக் கிளைச்சபையில் இரண்டு வருடமாக ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்து, வீடு வீடாகக் கைப்பிடி அரிசி வாங்கி விற்றுக் கணக்கை ஐயரிடம் ஒப்படைப்பதும் அவர்தான். அதாவது வேலையை அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கேட்டது அதற்கு ஒரு பெயரும், மாதம் கொஞ்சம் படியும்.

நேர்முகத்தில் நடந்ததைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். நான் துணைக்குப் போயிருந்தேன், வெளியே பெஞ்சில் இருந்தேன். முதலில் படிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்பது விதி. அடுத்தது வயது, 35-க்கு மேல் போகக்கூடாது. அதற்கப்புறம் படிவத்தில் காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தைக் காட்டி, 'இங்கே ஏன் கையெழுத்து இல்லை' என்று ஒருவர் கேட்டாராம். கணவரின் சம்மதக் கையெழுத்து. கணவர் வீட்டைவிட்டுப் போய் 14 வருடம் ஆகிறது, வேறு குடும்பமும் இருக்கிறது. அதை அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்ல வைத்திருக்கிறீர்கள். அப்புறம் இன்னொருவர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்.

ஐயாமாரே, இந்தத் தெருக் கேள்வியின் அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பதில் சொன்ன அவருக்கும் தெரியும். சாதியை நாம் கேட்பதே இல்லை. தெருவைக் கேட்போம், தகப்பனார் தொழிலைக் கேட்போம், 'உங்க சொந்தக்காரங்க யாரு இங்க' என்று கேட்போம்.

கடைசியாக, 'சபையார் உங்களை எப்படிம்மா மதிப்பாங்க?' என்று ஒருவர் கேட்டதாகச் சொன்னார். நீ என்ன சொன்னாய் என்றேன். 'தெரியல சார், இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலன்னேன்' என்றார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் ஊருக்கு வரவில்லை. நாலரை மணி தாண்டிவிட்டது, வாளி இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரி பக்கம் நடந்தார்.

பதில் வந்த அடுத்த ஞாயிறு எங்கள் சேகரத்துக்கு வெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். நல்ல குரல். தேவசெய்தி கிதியோனைப் பற்றி. மீதியானியருக்குப் பயந்து ஒளித்து வைத்துக் கோதுமை போரடித்தவனைத் தேவன் எப்படிக் கூப்பிட்டார், மனாசேயில் தன் குடும்பம்தான் மிகவும் எளியது என்று சொன்னவனை எப்படி எடுத்துப் பயன்படுத்தினார் என்று அரை மணி நேரம் பேசினார். மோசே திக்குவாய், மத்தேயு ஆயக்காரன், ராகாப் யாரென்று உங்களுக்கே தெரியும் என்று வரிசையாக வந்தது. தகுதியில்லாதவர்களைத் தகுதியாக்குகிற தேவன் என்று மூன்று தரம் சொன்னார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் சிபாரிசு செய்த அவரும் 'ஆமென்' சொன்னார். எனக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது.

கிதியோனைப் பிரசங்க பீடத்தில் வைத்துக்கொள்ள நமக்குச் சிரமமில்லை. 3000 வருடத்துக்கு முந்தியவர், தூரதேசத்துக்காரர், தெரு எதுவென்று கேட்க வேண்டியதில்லை. அதனால் கிதியோனை விடுங்கள். நம் ஊர்க்காரர்களைப் பார்ப்போம்.

தெற்கே நம் புராட்டஸ்டண்ட் சபை என்று ஒன்று முளைத்ததே பாளையங்கோட்டையில், குளோரிந்தா அம்மாள் கையில். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணப் பெண், இயற்பெயர் கோகிலா என்பார்கள். சிறு வயதிலேயே விதவை. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கல்யாணம் ஆகாமல் அந்த அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடமிருந்தே இங்கிலீஷையும் இயேசுவையும் தெரிந்துகொண்டார். ஞானஸ்நானம் வேண்டுமென்று ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, இப்படி வாழ்கிறவருக்குக் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸே ஞானஸ்நானம் கொடுத்தார்.

இப்போது உங்கள் படிவத்தை அந்த அம்மாளிடம் கொடுத்துப் பாருங்கள். கணவர் பெயர்? சம்மதக் கையெழுத்து? முந்தின வாழ்க்கையைப் பற்றிச் சபையார் சான்று? எந்தக் கட்டத்தையும் அவரால் நிரப்ப முடியாது. ஆனால் 1780-ஆம் வருடத்துச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்கு நடுநாயகம் அவர்தான். தன் பணத்தைப் போட்டுக் கோட்டைக்குள் கோயில் கட்டினார். 1785-இல் ஸ்வார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். தஞ்சாவூரிலிருந்து உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத வேதபோதகர், வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அப்படி வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். அந்தக் கோயிலை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். ஸ்வார்ட்ஸ் மறுத்தது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மறுத்தவரே மறுபடி வந்தார், அதைத்தான் சொல்கிறேன். ஒரு தரம் இல்லை என்று சொல்லிவிட்டு ஃபைலைக் கட்டி வைத்துவிடவில்லை.

அந்த அம்மாள் கூப்பிட்டு வந்தவர்களின் வழியில் இன்னொருவர் வந்தார். சாத்தான்குளம் பக்கத்துச் சின்னமுத்து. ஊரைவிட்டு அலைந்து தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த பையன். அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தாவீது சுந்தரானந்தமாகத் திரும்பி வந்து, தன் சொந்த ஜனத்துக்கு நடுவே பேசினார். அடி வாங்கி வீடிழந்த விசுவாசிகளுக்கென்று 1799-இல் முதலூர் உண்டானது. வீட்டைவிட்டு ஓடிப்போன பையன்களை இன்றைக்கு நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கடைசி வரிசையில்தான் உட்கார வைக்கிறோம்.

மேற்கே மயிலாடியில் மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போய், மனம் ஆறாமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு வேதமாணிக்கம் ஆனவர். எங்கள் ஊருக்கு ஆள் அனுப்புங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1816-இல் ரிங்கல்தௌபே போகும்போது சபைகளை விட்டுப்போனது யார் பொறுப்பில்? பொது வழியில் நடக்கக்கூட விடாத ஒரு சாதியில் பிறந்த வேதமாணிக்கத்தின் பொறுப்பில். (அந்த ரிங்கல்தௌபேயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது மேலே போட்டுக்கொள்ள ஒரு கோட்டுகூட இல்லாமல், நாட்டு ஓலைத் தொப்பியோடு நின்றார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் நேர்முகத்தில் வாசலிலேயே மடக்கியிருப்பார்கள்.)

இவர்களெல்லாம் எப்படியோ உள்ளே வந்துவிட்டவர்கள். வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். ராஜநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் சேவகர். பறையர் சமூகத்தில் பிறந்தவர், ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் வேதப் புத்தகம் ஒன்று இவர் கையில் வந்து சேர்ந்தது. வாசிக்க வாசிக்க விட முடியவில்லை. தரங்கம்பாடியைத் தேடிப் போனார். 1720-களின் கடைசியில் படைவேலையை விட்டு உபதேசியாரானார். தஞ்சை நாட்டுக்குள் வெள்ளைக்கார மிஷனரிகள் இஷ்டப்படி போய்வர முடியாத காலம் அது. ஊர் ஊராகப் போய்ச் சபைகளைப் பார்த்துக்கொண்டது இவர் போன்றவர்கள்தான். எதிர்ப்பும் அடியும் இவருக்கும் இவர் வீட்டாருக்கும் வந்தன.

1733-இல் தரங்கம்பாடியில் முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார். கடலூர் ஆறுமுகம், வேளாளர். நல்ல ஊழியக்காரர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. திறமையில் குறை காணவில்லை, விசுவாசத்தில் குறை காணவில்லை. ஆனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்களே என்ற தயக்கம். 1741-இல் அபிஷேகம் தியோகோ என்ற இன்னொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அந்த 30 வருடத்தை அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கிராமத்தில் அவர் ஜனங்களைச் சேர்க்கிறார், கற்பிக்கிறார், நோயாளிகளைப் பார்க்கிறார், செத்தால் அடக்கத்துக்கு நிற்கிறார். திருவிருந்து நாள் வந்தால் மட்டும் இன்னொருவர் வந்து அப்பத்தைப் பிட்க வேண்டும். இவர் தள்ளி நிற்க வேண்டும். அன்றைக்குத் தரங்கம்பாடியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தமிழுக்காகவும் இந்த ஜனத்துக்காகவும் உயிரை விட்டவர்கள். 'சபையார் எப்படி மதிப்பார்கள்' என்றுதான் அவர்களும் கேட்டார்கள். உங்கள் மேசையில் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இருநூற்று எண்பது வருடத்து வயது, ஐயா.

பெண்கள் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உண்டானது, முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா அம்மா நந்தியாலில் வந்தது 2013-இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். விதி வேண்டாம் என்று நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. கர்த்தர் என்னோடு பேசினார் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு வந்த ஒருவருடன் கர்த்தர் கார் என்ன நிறத்தில் வாங்க வேண்டும் என்பதுவரை பேசியிருந்தார். கண்ணீரும் கம்பீரமுமாக வந்து, காணிக்கையையும் இரண்டு வீட்டு நிம்மதியையும் எடுத்துக்கொண்டு போனார். சபைக்கு நிலம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரை உள்ளே விடுகிறோம் என்று சல்லடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். சல்லடையின் கண் எதைப் பிடிக்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு. அந்தக் கார்க்காரர் பட்டதாரி, வயது 31, மனைவி கையெழுத்து உண்டு, நல்ல தெரு. உங்கள் படிவத்தில் அவர் சுத்தமாகத் தேறுவார்.

நானும் இந்த மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான். 1990-களில், நான் கமிட்டியில் இருந்தபோது, எங்கள் கோயில்பிள்ளையின் மகன் வாலிபர் ஞாயிறன்று பிரசங்கம் பண்ண விருப்பம் தெரிவித்தான். ஆலயம் பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்துக்கொண்டிருந்த வீட்டுப் பையன். நன்றாகப் பேசுவான், எனக்குத் தெரியும், என் மாணவன். கமிட்டியில் ஒருவர் 'இவன் ஏறினால் நாளைக்கு எல்லாரும் ஏறுவான்' என்றார். நான் எழுந்து, 'இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்' என்றேன். எவ்வளவு நாகரிகமான வார்த்தை பாருங்கள், பக்குவம். எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள், அடுத்த பொருளுக்குப் போனோம், அசனப் பண்டிகையின் பொது விருந்துக்கு எத்தனை மூடை அரிசி என்பது.

அவன் ஒரு வருடத்தில் எங்களைவிட்டுப் போனான். இன்றைக்கு நாலு ஊர் தள்ளித் தனிச்சபை நடத்துகிறான், சில நூறு பேர் வருகிறார்கள். அவன் ஸ்பீக்கர் சத்தம் எனக்குப் பிடிக்காது, அவன் உபதேசத்தில் பாதி எனக்கு ஒப்பாது. ஆனால் போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது அவனே வந்து 'சார், நல்லா இருக்கீங்களா' என்று கையைப் பிடித்துக்கொண்டான். பக்குவம் யாருக்கு வர வேண்டியிருந்தது என்று சோறு முழுக்க யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

யெப்தாவைப் பற்றி நம் ஆலயங்களில் பிரசங்கம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று? வேசியின் மகன் என்று சகோதரர் துரத்திவிட்டார்கள். தோப்தேசத்துக்குப் போய் வீணர்களோடு திரிந்தான். அம்மோனியர் படையெடுத்து வந்ததும் கீலேயாத்தின் மூப்பர்களே அவனைத் தேடிக்கொண்டு போனார்கள். என்னைப் பகைத்துத் துரத்தினவர்கள் நீங்கள்தானே, ஆபத்து வந்ததும் இப்போது ஏன் வருகிறீர்கள் என்று கேட்டான். எனக்குப் பிடித்த கேள்வி. அவன் கதை நல்லபடி முடியவில்லை, யோசிக்காமல் செய்த பொருத்தனையில் பெற்ற மகளையே இழந்தான். கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் புனிதர்களாக முடிந்தார்கள் என்று நானும் கதை விட மாட்டேன். ஆனால் எங்கள் கிளைச்சபையில் பாதி வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பீக்கர் சபைக்குப் போகிறார்கள். அம்மோனியர் வந்தபிறகு ஆள் தேடுகிற மூப்பர்கள் மாதிரி நாம் ஆகிவிடக்கூடாது.

ஆமோஸையும் ஒரு வார்த்தை. மந்தை மேய்த்து, காட்டத்திப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர் பெத்தேலில் போய்ப் பேசினார். ஆசாரியன் அமத்சியா அவரிடம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே அப்பம் தின்று அங்கே தீர்க்கதரிசனம் சொல், இங்கே சொல்லாதே, இது ராஜாவின் ஸ்தலம் என்றான். நாம் எப்போதும் ஆமோஸ் பக்கத்தில் நின்றுதான் இதை வாசிக்கிறோம். அமத்சியாவுக்கும் ஓர் அலுவலகம் இருந்திருக்கும், ஒரு படிவம் இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. குருத்துவத்துக்குப் படிப்பு வேண்டும், இறையியல் கல்லூரி வேண்டும், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆள் கிடைக்காத கிளைச்சபைகளில், சேகரக் கமிட்டி ஒருமனதாக ஒருவரைச் சொன்னால், அவர் இரண்டு வருடமாவது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால், வயதையும் பத்தாவதையும் தளர்த்துங்கள். வேண்டுமானால் வருடத்துக்கு ஒரு மாதம் பயிற்சி வையுங்கள், பஸ் செலவை நாங்கள் தருகிறோம். சம்மதக் கையெழுத்துக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். விட்டுப்போன ஒரு ஆள் கிடைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பெண் ஊழியம் செய்யலாம் என்பது எந்த வேதத்தில் இருக்கிறது? தெருவைக் கேட்காதீர்கள். கேட்கிறவர் கேட்டால், பக்கத்தில் இருக்கிற நீங்கள் 'அது வேண்டாம்' என்று சொல்லுங்கள். நான் 1990-களில் சொல்லாமல் விட்டது அதைத்தான். இல்லை என்று முடிவு செய்தால், ஏன் என்று எழுதிக் கொடுங்கள். பிழையாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம், உண்மையாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

முக்கியமாக, முடிவு எடுக்கும் முன் உங்களில் ஒருவர் நேரில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்றைக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டையில் நல்லவர்களாக இருப்போம். செவ்வாய் அல்லது வியாழன் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தாலுகா ஆஸ்பத்திரி பெண்கள் வார்டுக்கு வாருங்கள். மேல்மாடி, இடதுபக்கம். அவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம், தூக்குவாளியோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். நேர்முகத்துக்கு வந்த ஐயா என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத்தான் பார்ப்பார், இருக்கச் சொல்லி நாற்காலி தேட மாட்டார். அவரிடம் எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம், இந்த மடலை அவர் இன்னும் பார்க்கவில்லை.

வருகிறவர் நாலைந்து எவர்சில்வர் தம்ளர் கொண்டுவந்தால் நல்லது. மூன்று போதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர்,
சேகரக் கமிட்டி முன்னாள் செயலர்